பழைய பிரிண்டரும் புதுப் போனும் ஒரே வைஃபையில்

ரூட்டர் மாற்றிய மறுநாள் எனக்கு வருகிற போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "தம்பி, புதுப் பெட்டி நல்ல ஸ்பீடு. ஆனா பிரிண்டர் மட்டும் வர மாட்டேங்குது." பிரிண்டர் இல்லாவிட்டால் கொல்லையில் மாட்டியிருக்கும் கேமரா. அதுவும் இல்லாவிட்டால் பாட்டி சீரியல் பார்க்கிற பழைய டேப்லெட்.

நான் மன்னார்குடியில் கம்ப்யூட்டர், கேமரா சர்வீஸ் பார்க்கிறவன். நீடாமங்கலம், வலங்கைமான், குடவாசல், கூத்தாநல்லூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க வண்டி ஓடும். இந்தப் பக்கத்து வீடுகளில் பழசும் புதுசும் கலந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளை சிங்கப்பூரில், மருமகன் துபாயில், பெண் அமெரிக்காவில் என்று இருப்பார்கள். லீவுக்கு வருகிறவர்கள் தங்களுடைய பழைய லேப்டாப்பை அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போவார்கள், அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுப்பார்கள். ஆக, ஒரே கூடத்தில் பத்து வருஷத்துப் பிரிண்டரும் போன மாதத்துப் போனும் ஒரே வைஃபையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. "பழசையெல்லாம் தூக்கிப் போடுங்க சார்" என்று கடைக்காரர் சொல்வார். விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். தூக்கிப் போட வேண்டிய பொருள் நிஜத்தில் ரொம்பக் குறைவு.

முதலில் பழசு எப்படிப் புதுசின் காலைப் பிடித்து இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மீதி எல்லாம் அதிலிருந்து தானாக விளங்கிவிடும். தண்ணீர் குறைந்த வருஷத்தில் வாய்க்காலில் முறை வைத்து விடுவார்கள். ஒரு வயல் பாயும்போது மற்றவர்கள் மடையை அடைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மடை குறுகலாக இருக்கிற வயல் நிரம்ப நேரமாகும். அது நிரம்பும்வரை அகல மடைக்காரரும் மண்வெட்டியோடு நிற்க வேண்டியதுதான். வைஃபையும் இதே முறைதான். ஒரு சேனலில், அதாவது வைஃபை ஓடுகிற ஒரு வாய்க்காலில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ஆளுக்கொரு பாக்கெட், அதாவது தகவலில் ஒரு சின்னப் பொட்டலம், என்று முறை வருகிறது. யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று சாதாரண ரூட்டர் கணக்குப் பார்ப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முழு பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்ப 12 மில்லி நொடி ஆகும். 11 மெகாபிட்டில் சுமார் 1.1 மில்லி நொடி. 54 மெகாபிட்டில் 0.22. 300 மெகாபிட்டில் 0.04. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னும் பின்னும் கொஞ்சம் சும்மா இருக்கும் நேரம் உண்டு, அதைச் சேர்த்தால் வித்தியாசம் இவ்வளவு பயங்கரமாக இருக்காது. ஆனாலும் மெதுவாகப் பேசுகிற ஒன்று எத்தனை பேருடைய முறையைத் தின்கிறது என்பது புரியும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, சும்மா இருக்கிற பழைய கருவியால் பெரிய தொந்தரவு கிடையாது. நாளைக்கு இரண்டு தாள் அடிக்கிற பிரிண்டரைப் பழிப்பது வீண். ராத்திரி பகலாகப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கும் கேமராதான் கவனிக்க வேண்டிய ஆள். இரண்டு, புதுசாகவே இருந்தாலும் தூரத்தில் இருக்கிற கருவி வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் பேசும். மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து ஒரு புள்ளி டவரில் வீடியோ பார்க்கும் இந்த வருஷத்துப் போன், வயதான லேப்டாப் அளவுக்கு நேரத்தைத் தின்னும். வயதை விட, எது அதிகம் பேசுகிறது, எவ்வளவு தூரத்திலிருந்து பேசுகிறது என்பதைப் பாருங்கள்.

வீட்டில் என்னென்ன இருக்கிறது

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வைஃபை பிடிக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். டிவி, செட்டாப் பாக்ஸ், கேமரா, பிரிண்டர், ஸ்மார்ட் பிளக், இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின், பரணில் கிடக்கிற டேப்லெட் வரை. நான்கு பேர் உள்ள வீட்டில்கூடப் பட்டியல் எதிர்பார்த்ததைத் தாண்டி நீளும்.

பக்கத்தில் எந்தக் காலத்துப் பொருள் என்று எழுதுங்கள். வைஃபை தலைமுறைகளைப் பழைய எழுத்துக் கணக்கில் 802.11 பி, ஜி, என், ஏ.சி, ஏ.எக்ஸ் என்பார்கள். பி 1999இல் வந்தது, வேகம் 11 மெகாபிட். ஜி 2003, 54 மெகாபிட். என் 2009. ஏ.சி 2013 வாக்கில். ஏ.எக்ஸ் 2019 முதல் கடைக்கு வந்தது. இந்த எழுத்துக்கள் யாருக்கும் புரியவில்லை என்று 2018இல் எண் வைத்தார்கள்: என் என்றால் வைஃபை 4, ஏ.சி என்றால் 5, ஏ.எக்ஸ் என்றால் 6. விண்டோஸ் லேப்டாப்பில் செட்டிங்ஸில் வைஃபை விவரத்தைத் திறந்தால் 'புரோட்டோகால்' என்ற வரியில் இப்போது எதில் ஓடுகிறது என்று காட்டும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லா வீட்டிலும் வருகிறது, சொல்லிவிடுகிறேன். வைஃபை 5 வேறு, 5 கிகாஹெர்ட்ஸ் வேறு, 5ஜி சிம் வேறு. ரூட்டரில் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க தெருவுல 5ஜி டவரே இல்லையே, வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?" என்று கேட்டவர்கள் நிறைய. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிக்கிறது, அவ்வளவுதான். அந்த அலைவரிசையில் வேகம் அதிகம், சுவர் தாண்டும் திறன் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸில் வேகம் குறைவு, தூரம் அதிகம். பி, ஜி கருவிகள் 2.4 மட்டும். 'என்' ரகக் கருவிகளில் பல 2.4 மட்டும், சில இரண்டும். ஏ.சி என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமான தரம். அந்த ரகக் கருவிகள் 2.4இல் பழைய 'என்' முறையில் பேசும். ஸ்மார்ட் பிளக், பல்பு மாதிரி விலை குறைந்த சாமான்கள் நேற்று வாங்கியதாக இருந்தாலும் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் பிடிக்கும். அதனால் பட்டியலில் அவற்றைப் 'பழசு' பக்கமே எழுதுங்கள்.

பெயர் வைப்பதில்தான் பாதி வேலை

புது ரூட்டரில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பழைய ரூட்டரில் இருந்த வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் புதுசின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அப்படியே கொடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் இருக்கிற இடைவெளி எல்லாம் அப்படியே. பிரிண்டர், கேமரா, பிளக் எதுவும் ரூட்டர் மாறியதையே தெரிந்துகொள்ளாது. கரண்ட் போட்டதும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கேமராவுக்காக ஏணி போட்டு ஏறி ரீசெட் பொத்தானை ஊசியால் குத்துகிற வேலை மிச்சம். 5 கிகாஹெர்ட்ஸுக்குப் புதிதாக வேறு பெயர் வையுங்கள். புதுப் போன்களையும் லேப்டாப்பையும் நீங்களே அதில் இணைத்துவிட்டு, அவற்றில் பழைய பெயரை 'மறந்துவிடு' என்று கொடுத்துவிடுங்கள்.

இப்போது வருகிற ரூட்டர்களில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, எந்தக் கருவியை எதில் போடுவது என்று ரூட்டரே முடிவு செய்கிற வசதி இருக்கும். 'ஸ்மார்ட் கனெக்ட்' என்றோ 'பேண்ட் ஸ்டியரிங்' என்றோ எழுதியிருக்கும். எல்லாம் புதுக் கருவிகளாக இருக்கிற வீட்டில் அது நல்லதுதான். கலந்து இருக்கிற வீட்டில் நான் அதை அணைத்துவிடுவேன். ரூட்டர் '5க்குப் போ' என்று தள்ளும்போது பழைய கருவிகள் சில திகைத்து நின்றுவிடும், பிறகு இணையவே இணையாது.

ரூட்டருக்குள் எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு: பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 மாதிரி ஒரு எண்ணும், பயனர் பெயர், பாஸ்வேர்டும் போட்டிருக்கும். பிரவுசரில் அந்த எண்ணை அடித்தால் உள்ளே போகலாம். போகவில்லை என்றால் கேபிள்காரர் மாற்றி வைத்திருப்பார், அவரிடமே கேளுங்கள்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. 'தஞ்சாவூர்' 27 பைட், உள்ளே அடங்கும். 'கும்பகோணம்' 30, அதுவும் அடங்கும். எங்கள் 'மன்னார்குடி' 33 பைட், ஒரு பைட்டில் தவறிவிடும்! அடங்கினாலும் பழைய பிரிண்டரின் சின்னத் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், சிலது இணைய மறுக்கும். 2.4 பெயரை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வைத்துக்கொண்டு, தமிழ் ஆசையை 5இல் தீர்த்துக்கொள்ளுங்கள். எமோஜிக்கும் இதே பதில்தான்.

2.4 பக்கம்: அடக்கமாக இருக்கட்டும்

சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்று எழுதியிருக்கும், 2.4இல் இருக்கிற கொஞ்ச இடத்தில் 40ஐப் பிடித்தால் பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதிக்கொண்டுதான் இருக்கும். பழைய கருவிகளுக்கும் 20தான் ஒத்துக்கொள்ளும்.

சேனல் எண்ணை 'ஆட்டோ' என்று விடாதீர்கள். 1, 6, 11 இவற்றில் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள்; இந்த மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை. இதற்கு ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. வலங்கைமானில் ஒரு ரிட்டையர்டு டீச்சர் வீடு. பெண் அமெரிக்காவில் இருக்கிறார், அங்கே வாங்கிய லேப்டாப்பை அம்மாவுக்கு விட்டுப் போயிருந்தார். டீச்சர் போனில் சொன்னது: "கரண்ட் போயிட்டு வந்தா சில நாள் லேப்டாப்புல வைஃபை இருக்கு தம்பி, சில நாள் பேரே காணோம். போன்ல மட்டும் எப்பவும் இருக்கு. வீட்டு வயரிங்ல ஏதாவது கோளாறா?" ஐப்பசி மாதம், மழை ஆரம்பித்துவிட்டது, கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை முறை போகும் என்று சொல்ல முடியாது. நான் போனபோது லேப்டாப்பில் பெயர் இல்லை. என் போனில் வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து பார்த்தேன்: ரூட்டர் 13ஆம் சேனலில் உட்கார்ந்திருந்தது. டீச்சரிடம் சொல்லிவிட்டு ரூட்டரை அணைத்துப் போட்டேன். இந்த முறை 6ஆம் சேனல். லேப்டாப்பில் பெயர் வந்து நின்றது. "மந்திரம் போட்டியா தம்பி?" என்றார்.

மந்திரமில்லை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல் வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 1 முதல் 11 வரைதான் வழக்கம். அங்கே விற்கிற லேப்டாப்கள் பலவற்றுக்கு 12, 13 கண்ணுக்கே தெரியாது. ரூட்டர் ஆட்டோவில் இருந்தால் ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் காலியாக இருக்கிற சேனலைத் தேடும். கரண்ட் போய் வருவதும் வைஃபை காணாமல் போவதும் இப்படிச் சேர்ந்துகொண்டன. சேனலை 6இல் பூட்டினேன். டீச்சர் கொடுத்த காபிக்கு வேறு வேலை எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் வீட்டில் இருந்தால் 12, 13 பக்கமே போகாதீர்கள்.

அடுத்து 'மோடு'. 'பி/ஜி/என்' என்று இருக்கும். பி ரகக் கருவி ஒன்றாவது சேர்ந்தால், அதற்குப் புரிய வேண்டும் என்பதற்காக மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய மெதுவான முறையில் "நான் பேசப்போகிறேன்" என்று முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டிவரும். அதனால் பட்டியலில் பி இல்லை என்றால் 'ஜி/என்' என்று மாற்றிப் பாருங்கள். பல ரூட்டர்களில் 1 மெகாபிட் மாதிரியான அடிமட்ட வேகங்கள் இதோடு போய்விடும். மாற்றிய பிறகு எல்லாம் இணைகிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். ஏதாவது விழுந்தால் மறுபடி பழையபடி வைத்துவிடுங்கள், கவலையில்லை. ரூட்டர் வைஃபை 6 ரகம் என்றால் 2.4இல் மட்டும் ஏ.எக்ஸை அணைத்துவிடுவது என் வழக்கம். அங்கே இருக்கிற கூட்டத்துக்கு அதனால் பிரயோஜனம் இல்லை, சில பழைய கருவிகளுக்கு அதனால் குழப்பம்தான்.

பூட்டு விஷயம்

பாதுகாப்பு முறையில் 2.4க்கு டபிள்யூ.பி.ஏ.2, அதிலும் ஏ.இ.எஸ் மட்டும் என்று வையுங்கள். ஏ.இ.எஸ் என்பது தகவலைப் பூட்டி அனுப்புகிற முறை. பக்கத்தில் அதற்கு முந்தைய பழைய முறையான 'டி.கே.ஐ.பி' என்றும், 'டி.கே.ஐ.பி + ஏ.இ.எஸ்' என்றும் இருக்கும். பழசுக்கு உதவுமே என்று டி.கே.ஐ.பியை மட்டும் தேர்ந்தெடுத்தால் 'என்' தலைமுறையின் (வைஃபை 4) வேகம் கிடைக்காது, 54 மெகாபிட்டோடு நின்றுவிடும், விதியே அப்படி. "300 மெகாபிட் ரூட்டர் வாங்கினேன், 20க்கு மேல போகல" என்று வருகிற புகாரில் இந்த ஒரு வரியும் காரணமாக இருப்பது உண்டு. ஏ.இ.எஸ் என்று மாற்றினால் சரியாகிவிடும். டபிள்யூ.பி.ஏ.2 வந்தது 2004இல். அதற்குப் பிந்தைய கருவி எதுவும் இதற்கு மறுப்புச் சொல்வது அபூர்வம்.

டபிள்யூ.பி.ஏ.3 என்று ஒன்று 2018இல் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் 2, 3 இரண்டும் கலந்த முறையை வையுங்கள். 2.4இல் வேண்டாம், கலந்த முறையிலேயே சில பழைய பிரிண்டர்கள் முறைத்துக்கொள்ளும். 'பி.எம்.எஃப்' என்றோ 'பாதுகாக்கப்பட்ட மேலாண்மை பிரேம்' என்கிற பொருளிலோ ஒரு தேர்வு இருந்தால், 2.4இல் அது 'கட்டாயம்' என்று இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் "இணைய முடியவில்லை" என்று வந்தால் நான் முதலில் பார்க்கிற இடம் இதுதான்.

டபிள்யூ.இ.பி என்கிற ஆதிகாலத்துப் பூட்டு மட்டும் தெரிந்த பொருள் வீட்டில் இருக்கிறதா? அதற்காக வீட்டின் பூட்டையே இறக்காதீர்கள். அந்தப் பூட்டின் ஓட்டை 2001லேயே வெளியே வந்துவிட்டது, இன்றைக்கு நிமிஷக் கணக்கில் திறந்துவிடலாம். அந்தப் பொருளில் லேன் ஓட்டை (நெட் வயர் செருகுகிற இடம்) இருந்தால் வயர் போடுங்கள். இல்லையென்றால், தூக்கிப் போடலாம் என்று நான் சொல்கிற ஒன்றிரண்டு பொருளில் இதுவும் ஒன்று.

5 பக்கம்: தாராளமாக விடலாம்

இங்கே மோடை ஏ/என்/ஏ.சி/ஏ.எக்ஸ் கலந்து வையுங்கள் ('ஏ' என்பது 5 கிகாஹெர்ட்ஸின் பழைய தரம்), அகலம் 80. சேனலை 36 முதல் 48க்குள் அல்லது 149 முதல் 161க்குள் வைத்தால் எல்லாப் போனுக்கும் தெரியும். நடுவில் இருக்கிற 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடாருக்குத்தான் முதல் உரிமை. அங்கே போகும் ரூட்டர் முதலில் ஒரு நிமிஷமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசும், ரேடார் கேட்டால் இடத்தை விட்டு ஓடும். பழைய போன்கள் சிலவற்றுக்கு அந்தச் சேனல்கள் தெரியவே தெரியாது.

ஏ.எக்ஸ் போட்டதும் லேப்டாப்பில் 5இன் பெயர் மட்டும் காணவில்லை என்றால் டிரைவரை, அதாவது வைஃபை அட்டையை இயக்குகிற மென்பொருளை, பாருங்கள். இன்டெல் 7260, 7265 மாதிரியான அட்டைகள் பழைய டிரைவரோடு இருந்தால் வைஃபை 6 ரூட்டரின் பெயரைக் காட்டாது. புது டிரைவரை இன்டெலே வெளியிட்டிருக்கிறது, போட்டால் வந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸே இல்லாத லேப்டாப் என்றால் ஆயிரம் ரூபாய் சுற்றளவில் ஒரு யு.எஸ்.பி டாங்கிள் போதும். லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டு பெயர் வைத்தால் பிரிண்டர் ஒரு பக்கமும் போன் ஒரு பக்கமும் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகாது. பெயர் இரண்டானாலும் ரூட்டருக்குள் வீடு ஒன்றுதான். 5இல் இருக்கிற போன் 2.4இல் இருக்கிற பிரிண்டருக்குத் தாராளமாக அனுப்பலாம். அப்படிப் போகவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கும். ஏதோ ஒன்று விருந்தாளிகளுக்கான தனி 'கெஸ்ட்' பெயரில் இணைந்திருக்கும். அல்லது கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கிற 'ஏபி ஐசொலேஷன்' என்பதை யாரோ போட்டிருப்பார்கள். மூன்றாவதாக ஒன்றும் இந்தப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன்: ஃபைபர் பெட்டியிலேயே ஒரு வைஃபை, அதற்கு மேல் நீங்கள் வாங்கிய ரூட்டரில் ஒரு வைஃபை. பிரிண்டர் அதில், போன் இதில். ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் உங்கள் ரூட்டருக்குக் கொண்டு வாருங்கள்.

ஸ்மார்ட் பிளக்கை முதன்முதலில் இணைக்கும்போது உங்கள் போனும் 2.4 பெயரில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் 5க்குத் திரும்பிக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கிற வீடு என்றால் ரூட்டரில் 5ஐ கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள்.

நீளமான வீட்டுக்கு

இவ்வளவும் செய்தும் கொல்லைக் கேமரா திணறினால், கோளாறு செட்டிங்ஸில் இல்லை, வீட்டின் நீளத்தில் இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், சிமென்ட் வீட்டுச் சுவரைப் போல இரண்டு மடங்கு கனம். ஃபைபர் வயர் வாசல் பக்கம் வருவதால் பெட்டியை ரேழியிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து கொல்லைக்கு 2.4 போய்ச் சேர்வதே பெரும்பாடு. 5 கூடத்தைத் தாண்டாது. முடிந்தால் ஃபைபரை இன்னும் கொஞ்சம் இழுத்து, முற்றத்து ஓரம் தூணில் ஆள் உயரத்துக்கு மேல் ரூட்டரை மாட்டச் சொல்லுங்கள். முற்றம் திறந்த வெளி, நாலு பக்கமும் சிக்னல் போகும். சாரல் படாத இடமாகப் பாருங்கள். இரும்பு பீரோ மேலும், சுவர் அலமாரிக்குள்ளும், டிவிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். பார்வைக்கு அழகாக இருக்காது என்று துணி போட்டு மூடி வைத்த வீடும் பார்த்திருக்கிறேன். சூடாகித் தானே அணைந்துகொண்டிருந்தது.

இங்கேதான் கழற்றிப் போட்ட பழைய ரூட்டர் உதவிக்கு வருகிறது. அதை எடைக்குப் போடாமல் இரண்டாம் கட்டில் பழைய கருவிகளுக்கென்றே ஒரு வைஃபையாக ஆக்கிவிடலாம். செய்முறை இது. பழைய ரூட்டரை ரீசெட் செய்து, ஒரு லேப்டாப்பை லேன் வயரால் அதில் மட்டும் இணைத்து உள்ளே போங்கள். அதன் லேன் முகவரியை மாற்றுங்கள்: புது ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. புது ரூட்டர் மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற வரிசையில் அந்த 2 சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய ரூட்டரில் டி.ஹெச்.சி.பியை, அதாவது முகவரி கொடுக்கிற வேலையை, அணையுங்கள், ஒரு வீட்டில் முகவரி கொடுக்கிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் புது ரூட்டரின் 2.4இல் உள்ளபடியே வையுங்கள், சேனலை மட்டும் மாற்றுங்கள்: அங்கே 6 என்றால் இங்கே 1 அல்லது 11. கடைசியாக, புது ரூட்டரின் ஒரு லேன் ஓட்டையிலிருந்து பழைய ரூட்டரின் லேன் ஓட்டைக்கு வயர். நிறம் மாறி இருக்கிற 'வான்' ஓட்டையில் செருகாதீர்கள், அது காலியாகவே இருக்கட்டும். அதில் செருகினால் உள்ளே தனி நெட்வொர்க் உருவாகி, மறுபடி பிரிண்டர் அந்தப் பக்கம், போன் இந்தப் பக்கம் கதைதான்.

பழைய ரூட்டர் 100 மெகாபிட் ஓட்டை உள்ளதாக இருக்கும். கேமராவுக்கும் பிரிண்டருக்கும் அது தாராளம். இதில் உள்ள பெரிய லாபம், நச்சரிக்கிற கேமராக்கள் வேறு சேனலுக்குப் போய்விடும்; அவை பக்கத்திலிருந்தே பேசுவதால் வேகமாகப் பேசி முடிக்கும். ரிப்பீட்டர் வாங்கிச் செருகினால் போதாதா என்றால், ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் கேட்டதையே திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதிக்குப் பாதி போய்விடும். வயர் இழுக்கவே வழியில்லாத வீட்டுக்குத்தான் நான் அதைச் சொல்வேன்.

கேட் 6 வயர் 100 மீட்டர் வரை போகும், எந்த வீட்டுக்கும் போதும். உத்தரத்து ஓரமாகவே இழுத்துவிடலாம். வீட்டை விட்டு வெளியே, தனியாக நிற்கிற மாட்டுக்கொட்டகைக்கோ மோட்டார் கொட்டகைக்கோ போவதாக இருந்தால் செம்பு வயர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு அது இரண்டு முனையிலும் பெட்டியைச் சுட்டுவிடும். ஃபைபரும், அதை இரண்டு முனையிலும் லேன் வயராக மாற்றுகிற இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. வயர் என்றதும் இன்னொன்று: டிவி இடம் மாறாத பொருள், டெஸ்க்டாப்பும் அப்படித்தான். இரண்டையும் வயரில் போட்டுவிட்டால் வைஃபை முறையில் இரண்டு பெரிய ஆட்கள் குறைந்தார்கள்.

வைஃபை மேல் பழி போடாத இடங்கள்

பழைய டேப்லெட்டில் டவர் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை, 'பாதுகாப்பில்லை' என்று எச்சரிக்கை வருகிறது என்றால், முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த டேப்லெட் வருஷத்தையே மறந்திருக்கும். தேதி சரியாக இருந்தும் திறக்காவிட்டால், அதில் இருக்கிற பழைய ஆண்ட்ராய்டுக்கு, தளம் நிஜமானதுதான் என்று காட்டுகிற புதிய சான்றிதழ்கள் தெரியாது, அப்டேட்டும் வராது. சில சமயம் வேறு பிரவுசர் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். இப்படி அப்டேட் நின்றுபோன சாமான்களை, பிரிண்டரையோ மற்ற கம்ப்யூட்டரையோ அவை தேடாதவரை, கெஸ்ட் பெயரில் ஒதுக்கி வையுங்கள். பாட்டி சீரியல் பார்க்க அது போதும். வங்கிக் கணக்கு பார்க்கிற போன் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது.

பிரிண்டர் காலையில் வேலை செய்து சாயங்காலம் 'ஆஃப்லைன்' காட்டினால், அதற்கு ரூட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கலாம். ரூட்டரில் டி.ஹெச்.சி.பி பக்கத்தில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் ரூட்டரின் 2.4 பக்கம், 5 பக்கம், டி.ஹெச்.சி.பி பக்கம் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கேபிள்காரர் தூரத்திலிருந்தே அப்டேட் போடும்போது எல்லாம் முதலில் இருந்தபடி திரும்பிவிடுவது உண்டு: சேனல் ஆட்டோ, ஒரே பெயர், பி.எம்.எஃப் கட்டாயம். அன்றைக்கு யாரையும் கூப்பிடாமல் படத்தைப் பார்த்தே திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அவர் உள்ளே போக விடாமல் பூட்டி வைத்திருந்தால், அந்த மூன்று படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி இப்படியே வையுங்கள் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் செய்து கொடுத்துவிடுவார்கள்.